தெரியாது என்று சொல்லக் கூடாத காலம்

நேற்று ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கொப்பி வாங்கப் போன இடத்தில், றப்பர்பட்டி போட்ட பச்சை ஃபைல் ஒன்றைக் கண்டேன். எடுத்து மணந்தும் பார்த்தேன். கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும். புதுப் பிளாஸ்டிக் மணம் என்றால் எனக்கு இன்னும் பொலிஸ் கந்தோர் வரிசைதான் ஞாபகம் வரும்.

இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரத்தில், எங்கள் சனத்திடம் ஆளுக்கொரு ஃபைல் இருக்கும். உள்ளே பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி, அதன் பிரதி, பிரதியின் பிரதி. அதற்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பொலிஸ்காரர் முன்னால் இருந்து பழகியவர்களுக்கு ஒரு பாடம் மனப்பாடம். கேட்டதற்கு மட்டும் பதில். வாய் தவறியும் தெரியாது என்று சொல்லக் கூடாது. வன்னிச் சோதனைச் சாவடிகளில் நெஞ்சு படபடக்க நின்று பழகிய நான், இங்கே வந்த வருடமே இதில் கரைகண்டுவிட்டேன். இதற்கொரு பட்டம் கொடுத்திருந்தால் நானும் டொக்டர்தான்.

அப்போது ஒரு பேராசிரியை வீட்டில் எனக்கு வேலை. பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பித்தவர். நான் அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமைகளில் அவருடைய குசினி மேசையைச் சுற்றி ஆபிரிக்கப் பிள்ளைகள் இருப்பார்கள். முனைவர் ஆய்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது, யாரிடம் போவது என்று அவர்களுக்குச் சொல்ல வேறு ஆளில்லை. சிஞ்ஞோரா அவர்களின் விண்ணப்பங்களை வரி வரியாகத் திருத்துவார். அதற்குள் காப்பி பொங்கி வழிந்துவிடும். அடுப்பைத் துடைப்பது நான்.

அவர்களில் ஒருத்தி பிந்தா, காம்பியாக்காரி. கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் குடை விரித்துச் சம்பாதித்துப் படித்தவள். ஊரில் ஆற்றோர நெல்வயல்களில் உப்பு ஏறுவதை ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. நெல் என்றதும் என் காது நீண்டுவிட்டது. முனைவர் ஆய்வுக்கு இருந்ததோ ஒரேயொரு இடம். கிடைக்காவிட்டால் படிப்போடு அவளுடைய பெர்மெஸ்ஸோவும் முடிந்துவிடும்.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள். "அக்கா, நேர்முகத்திலை எப்பிடிக் கதைக்கிறது?" நாங்கள் கதைத்தது இத்தாலியனில்தான். என் நினைவில் மட்டும் எல்லோரும் எங்கள் தமிழில் கதைக்கிறார்கள்.

எனக்கா தெரியாது? "கேட்டதுக்கு மட்டும் சொல்லு. தெரியாதெண்டு சொல்லிப்போடாதை" என்றேன்.

ஒத்திகை நேர்முகத்தில் துறை தெரியாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் பழக்கம். பிந்தாவின் ஒத்திகையில் அந்தக் கதிரை எனக்கு. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் இருந்தேன். பிந்தா தன் பச்சை ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஓம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள்.

"ஏன் பிள்ளை, பொலிசுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறாய்?" என்றார் சிஞ்ஞோரா.

பிந்தா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். சிஞ்ஞோரா விடவில்லை. "நீங்களும் ஒண்டு கேளுங்கோ."

கேட்க எனக்கு ஆசை இருக்கத்தான் செய்தது. "பெருமழை பெய்தா உப்புப் போயிடுமோ, இல்லாட்டி அடியிலை நிண்டு திரும்பி ஏறுமோ? எங்கட வயலிலை ரெண்டும் நடந்தது."

பிந்தா ஃபைலை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள். "தெரியாது."

பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். சிஞ்ஞோராவோ மேசையில் தட்டினார். "அதைத்தான் நீ ஆராயப் போறாய். அங்கையும் இதைத்தான் சொல்லவேணும்."

தெரியாது என்ற சொல்லைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒருவரை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

நேர்முகத்தன்று பிந்தா ஃபைலை என்னிடம் தந்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனாள். நான் அதைக் கட்டிப்பிடித்தபடி வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். திரும்பி வந்தவள் சிரித்தாள். "நாலு தரம் தெரியாதெண்டு சொன்னன், அக்கா." இடம் கிடைத்தது.

சிஞ்ஞோரா இப்போது இல்லை. அந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மேசை யார் வீட்டில் இருக்கிறதோ. பிந்தா வேறொரு நகரத்தில் படிப்பிக்கிறாள். தன் மாணவர்களின் ஒத்திகைக்குக் கைபேசியில் என்னையும் கூப்பிடுவாள். அவர்கள் சொல்வதில் பாதி எனக்கு விளங்காது. ஆனாலும் கேட்க ஏதாவது ஒன்று இருக்கும்.

கடையில் ஃபைலைத் திரும்ப வைத்துவிட்டேன். போன மாதம் குவெஸ்தூராவில் ஏதோ ஒரு திகதி கேட்டார்கள். "தெரியாது, பார்த்துச் சொல்லுறன்" என்றேன். சரி, அடுத்த கிழமை வா என்றார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் கவனித்தேன், நெஞ்சு படபடக்கவில்லை. வன்னியிலிருந்து கொண்டுவந்தவற்றில் மிஞ்சியிருந்தது அந்தப் படபடப்பு ஒன்றுதான். எப்போது, எங்கே தொலைந்தது? தெரியாது.