துருவைக் காட்டியவர்

என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் சென்னைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் உடம்பில் நீர் ஏறிவிடும், மூச்சு வாங்கும். எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கம்; பட்டு நெய்கிற ஆரணி இல்லை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணி. அங்கிருந்து அவரை பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. வீட்டில் இருந்த பழைய காரை நம்பித்தான் அவர் உயிர் இருந்தது. என் மகனுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. அப்பாவுக்காக மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் அவன்தான் ஓட்டிக்கொண்டு போவான், நானும் கூடப் போவேன்.

எங்கள் பக்கத்தில் கார் நெடுநாள் உழைக்காது. ஒரு பக்கம் இரும்பு உருக்குகிற கம்பெனிப் புகை, இன்னொரு பக்கம் கடல் காற்று. துணி காயப்போடும் கம்பியே இரண்டு வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். அதனால் மெக்கானிக் இல்லாமல் எங்களுக்கு ஒரு மாதம் போகாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். மெக்கானிக் எழுதித் தரும் சீட்டு எனக்கு மட்டுமல்ல, பட்டம் படித்த என் மகனுக்கும் புரியாது. முதலில் பார்த்த ஆள், பிரேக் சரி செய்யக் கொடுத்த வண்டியிலிருந்து நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு செத்த பேட்டரியை மாட்டி அனுப்பினான். அடுத்தவன் இன்ஜினைத் திறந்தான், மூன்று வாரம் மூடவில்லை. கேட்டால், "சாமான் மெட்ராஸ்லேர்ந்து வரணும்மா" என்பான்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் ஹைவே ஓரத்தில் பெரிய ஷெட் வைத்திருப்பவர். எங்கள் சாதிக்காரர். தூரத்து உறவும் உண்டு. என்னை அத்தை என்று கூப்பிடுவார். கழற்றிய சாமானை என் முகத்துக்கு நேராக நீட்டி, "பாருங்கத்தே, எப்படி தேஞ்சி கீது" என்பார். எனக்கு எது தேய்ந்தது, எது தேயாதது என்று என்ன தெரியும். தலையாட்டுவேன். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நம்ம வீட்டில் கை நனைத்தவன் நம்மை ஏமாற்றமாட்டான் என்று இருந்தேன்.

போன வருஷம் கோடையில் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் கிறீச்சென்று சத்தம். ஷெட்காரர் திருத்தணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்று புதன். வியாழனுக்கு வண்டி வேண்டும். மகன் என்னைக் கேட்காமல் காலனியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். ரயில்வே கேட் பக்கத்தில் சின்னதாக ஷெட் போட்டிருப்பவர். பல வருஷம் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். அந்த அப்பா என் வீட்டுக்காரரை "ஆண்டே" என்று கூப்பிடுவார். இவர் வாசலில் வந்து நின்று, "வணக்கம் சார்" என்றார். வண்டியைத் தொடுவதற்கு முன்பே அந்த வார்த்தை எனக்கு முள்ளாகக் குத்திவிட்டது.

டீ போட்டேன். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவருக்குப் பேப்பர் கப். அலமாரியில் அதற்கென்றே ஒரு கட்டு வாங்கி வைத்திருப்பேன். யாராவது கேட்டால், கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் என் வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார், தன் கப்பைப் பார்த்தார். அதை மதில்மேல் வைத்துவிட்டு, "இப்பதான்மா குடிச்சேன்" என்று வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "யம்மா, இங்க வந்து பாருங்க."

"நான் பார்த்து இன்னா புரியப்போவுது? வாயாலயே சொல்லு."

"முன்சக்கரத்த புடிச்சிக்கினு இருக்கிற இரும்பு, பாடியோட சேர்ற எடம் மக்கிப்பூடுச்சு. நீங்களே பாருங்க."

குனிந்தேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். ஊறின ரொட்டியில் போவது போல உள்ளே போயிற்று. சிவப்புத் தூள் அவர் முகத்தில் கொட்டியது.

"வெல்டிங் வெச்சிடு."

"வெல்டிங் புடிக்க நல்ல இரும்பு வேணும்மா. காயிதத்த காயிதத்தோட தெச்சா நிக்குமா?"

"போன மாசம்தான் எங்க ஆளு மொத்தமும் பார்த்தாரு. அவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சோ?"

"அவரு மேலாக்க கறுப்பு பெயிண்ட் அடிச்சி வுட்டுக்கீறாரு. அடியில ஒன்னும் செய்யல." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சார இதுல ஏத்தாதீங்கம்மா. நாளைக்கு ஒரு வண்டி நான் சொல்லி அனுப்பறேன்."

"அப்ப இந்த வண்டிய இன்னா பண்றதாம்?"

"எடைக்குத்தான் போவும். எடுக்கிற ஆளு ஒருத்தரத் தெரியும்."

அதைத்தான் எதிர்பார்த்தேன். வண்டி உதவாது என்று சொல்லிச் சொற்பத்துக்கு வாங்கி, பூசி மெழுகி வேறொருவனிடம் விற்பது இந்தத் தொழிலில் நடக்கிறதுதான். அவர் போனதும் மகனிடம் சொன்னேன்: "நம்ம வாசல்ல கார் நிக்கறது அவங்களுக்குக் கண்ணு உறுத்துது."

கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரர், "அவங்கப்பன் ஒரு நாளும் பொய் சொன்னதில்லடி" என்றார்.

"இவன் உங்கள சாருன்றான், காதுல வுழுந்துதா?"

"சொல்லிட்டுப் போறான். ஏர் ஓட்டினவன் கடைசி காலத்துல வாத்தியார் ஆயிட்டேன், வுடு" என்று சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

அந்த வியாழனுக்கு மகன் பிடிவாதமாக வாடகைக் கார் பிடித்தான். வெள்ளிக்கிழமை ஷெட்காரர் வந்தார். வண்டியைக் கொண்டுபோய் வெல்டிங் வைத்து, கறுப்பு அடித்து, சாயங்காலமே கொண்டுவந்து நிறுத்தினார். "யானையே ஏறினாலும் ஒன்னும் ஆவாதத்தே. எவன் சொன்னான் உங்களுக்கு?" நான் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இலை போட்டுச் சோறு போட்டேன். மகன் இன்னும் வாடகைக் கார்தான் என்று நின்றான். "நான் சொல்றேன், எடு" என்றேன். வீட்டில் என் பேச்சை யாரும் தட்டியதில்லை.

சனிக்கிழமை நன்றாகப் போய் வந்தது. செவ்வாயும் அப்படியே. "பார்த்தியா?" என்று மகனிடம் கேட்டேன்.

வியாழக்கிழமை சோழவரத்துக்கு முன்னால் காரனோடைப் பாலத்தில் இறங்கும்போது சட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் சரிந்து, இழுத்துக்கொண்டே போய் நின்றது. லாரிக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்ததால் யாருக்கும் அடியில்லை. இடது முன்சக்கரம் முறிந்த கால் மாதிரி வெளியே மடங்கிக் கிடந்தது.

ஷெட்காரருக்குப் போன் போட்டான் மகன். "அங்கயே இருங்க, ஆள அனுப்பறேன்" என்றார். பிறகு போன் எடுக்கவில்லை. ஆரணியிலிருந்து கிளம்பிய வாடகைக் கார் வரவே முடியவில்லை. எங்கள் வண்டி வழியை அடைத்ததில் பின்னால் நின்ற நெரிசலில் அதுவும் மாட்டிக்கொண்டது. ஹார்ன் சத்தத்தில் காது அடைத்தது. வெயில் ஏறியது. என் முந்தானையால் அவருக்கு விசிறினேன். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மகன் கடைசியில் காலனிக்காரருக்குப் போன் போட்டான். அவர் லாரிகளுக்கு இடையில் பைக்கை நுழைத்துக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கச் சாலையில் தெரிந்தவருடைய கார் ஒன்றைச் சென்னைப் பக்கம் திருப்பி நிறுத்தச் சொல்லியிருந்தார். யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடுக்கட்டையைத் தாண்டினார். அவர் தலை இவர் தோளில் சாய்ந்திருந்தது. மடங்கிக் கிடந்த சக்கரத்தை இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போய்ச் சேரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. அவர் படுக்கையில் அடுத்த நோயாளி. வேறு படுக்கை கிடைத்து மெஷினில் போட்டபோது ரத்த அழுத்தம் தாங்கவில்லை, பாதியில் நிறுத்தினார்கள். சனிக்கிழமை காலையில் உயிர் போயிற்று. தாமதத்தால் என்று டாக்டர் சொல்லவில்லை. இதயம் முன்னாலேயே பலவீனம் என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும்.

ஷெட்காரர் காரியத்துக்கு வந்தார். "விதி அத்தே" என்றார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பரிமாறிக்கொண்டிருந்த என் மகன் கரண்டியை வாளியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

இந்த ஐப்பசியில் மகன் மணவாள நகரில் ஒரு பழைய கார் பார்த்திருந்தான். பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட வேண்டும். நான் யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்து ரயில்வே கேட் ஷெட்டுக்குப் போனேன். காலனிப் பக்கம் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. அவர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"தம்பி, பையன் ஒரு வண்டி பார்த்துக்கீறான். நீ வந்து அடியில ஒரு தபா பார்த்துச் சொல்லு. நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான் வரலம்மா."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு. அன்னிக்கு நான் சாவியப் புடுங்கிக்கினு போயிருக்கணும். சொன்னேன், கேக்கல, எனக்கின்னான்னு வந்துட்டேன். சார் மூஞ்சி எனக்கு இன்னும் போவல. இன்னொரு தபா உங்க ஊட்டு வண்டிக்கு என் வாயால ஒன்னு சொல்றது என்னால ஆவாது."

"தப்பு என்னுதுப்பா."

"ஆமாம்மா, உங்களுதுதான்." குரலில் சூடு இல்லை. "அதனால எனக்கு லேசாயிடலயே."

பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆட்டோ வரும்வரை நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோ என்று அவர் சொல்லவில்லை.

அவர் வரமாட்டார் என்று மட்டும் மகனிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தான். பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை.