சாந்தோமில் இறக்கிய பெட்டி

மயிலாப்பூரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் எங்கள் ஜட்கா சாந்தோம் மணலில் சிக்கி நின்றுவிடுகிறது. வண்டியில் நான், எங்கள் சங்கம் ஜெர்மனிக்கு அனுப்பும் இரண்டு மாணவர்கள், நான்கு பெட்டிகள். மாணவர்கள் ஆறு மாதம் அங்குள்ள குடும்பங்களோடு தங்கி, அவர்கள் வாழும் விதத்தைத் தெரிந்துகொண்டு, நம்முடையதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக மூன்று பெட்டிகளில் நானூறு அப்பளமும் ஒன்பது ஜாடி ஊறுகாயும் போகின்றன. நான்காவதில், அந்தக் குடும்பங்களுக்குக் கொடுக்க நான் முப்பத்தேழு வீடு ஏறி இறங்கிச் சேர்த்த அறுபத்திரண்டு புத்தகங்கள்.

"குதிரையால இஸ்க்க முடியல சாமி. ஒரு பொட்டிய எறக்குங்க" என்கிறார் வண்டிக்கார சாயபு.

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"மாமா, புஸ்தகம் அங்கேயும் கிடைக்கும். வடுமாங்கா கிடைக்குமோ?" என்கிறான் பெரியவன்.

"புஸ்தகம் இல்லாம போய் அவா ஆத்துல என்னடா பேசுவே?" என்கிறேன்.

"நம்ம நாகரிகத்தைப் பத்தி ரெண்டு மணி நேரப் பிரசங்கம் நெட்டுருப் பண்ணிண்டிருக்கேன்."

புத்தகப் பெட்டி கீழே இறங்குகிறது. அதற்குக் காவல் வேண்டுமாம். என்னையும் இறங்கச் சொல்கிறார்கள். நான் இறங்கியதும் சக்கரம் நகர்கிறது.

"இப்போ எப்படி சாயபு?" என்று சின்னவன் கேட்கிறான்.

"சாமியும் எறங்கிட்டாரு, வண்டி லேசாத்தான் கீது தம்பி" என்கிறார் அவர். "அங்க போயி ஊறுகாதான் ஒங்களுக்காகப் பேசணும்."