டாகர்ட் பண்ணையின் பொய் முட்டை

எட்டு நாளாகத் தோண்டியும் பிரிட்டா லண்ட்கிரென்னின் குழியில் துருப்பிடித்த ஆணிகளைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. பக்கத்துக் குழியில் டெஸ்மண்டுக்குப் பீங்கான் தட்டு, புகைக்குழாய், சட்டைப் பொத்தான் என்று தினம் ஏதாவது ஒன்று வந்துகொண்டிருந்தது. நீ பேசாமல் ஆணிக்கடை வைத்துவிடு என்று அவன் சீண்டுவான். அவள் சிரித்துவிட்டுக் கொத்தனார் கரண்டி போன்ற கரணையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் டாகர்ட் என்ற குடும்பம் கான்சாஸ் புல்வெளியில் வந்து குடியேறிய இடம் அது. வீடு எப்போதோ விழுந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. கோடை விடுமுறையில் தொல்லியல் பேராசிரியை ஓடெல் பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டிவந்து தோண்டிக்கொண்டிருந்தார். மற்ற பதினொரு பேரும் நகரத்துப் பிள்ளைகள். பிரிட்டாவின் வீடு நாற்பது மைல் தள்ளி ஒரு கோழிப்பண்ணையில். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் சல்லடையில் வெள்ளை வெள்ளையாய்ச் சில்லுகள் தங்கின. ஓடெல் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். கடல் சிப்பி. கடலோ ஆயிரம் மைலுக்கு அப்பால். அந்தக் காலத்தில் பீப்பாய் பீப்பாயாக ரயிலில் வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள், வசதியான குடும்பம்தான், அப்படியென்றால் இது சமையல்கட்டு என்று சொல்லி, வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் 'சமையலறை' என்று எழுதினார். முகமெல்லாம் பூரிப்பு.

பிரிட்டா சில்லுகளை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். எல்லாமே நகத்தளவு. முழுச் சிப்பி ஒன்றுகூட இல்லை. இதே மாதிரிச் சில்லு அவள் வீட்டுக் கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. படித்த மனுஷியிடம் போய்க் கோழியைப் பற்றிப் பேசுவதா என்று விழுங்கிவிட்டாள். மத்தியானம் மர நிழலில் சாண்ட்விச் தின்னும்போதும் அதே நினைப்புதான்.

சாப்பிட்டு வந்து கால்மணி நேரம் இருக்காது. கரணை வழவழப்பான எதன் மேலோ வழுக்கியது. தூரிகையால் மண்ணைத் தள்ளினாள். பால்போல வெள்ளைக் கண்ணாடியில், கீறல்கூட இல்லாமல் ஒரு முட்டை.

எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கதவுக் குமிழ் என்றான் டெஸ்மண்ட். திருகாணிக்கு ஓட்டையே இல்லையே என்றாள் ஒருத்தி. காலுறை தைக்கும்போது உள்ளே வைத்துக்கொள்ளும் உருண்டையாக இருக்கலாம் என்றார் ஓடெல்.

இதற்குமேல் பிரிட்டாவால் பொறுக்க முடியவில்லை. "அது பொய் முட்டைங்க. கூட்டுல வச்சா, இங்கதான் முட்டையிடணும்னு கோழி நெனச்சுக்கும். எங்கம்மா இப்பவும் கோல்ஃப் பந்து வைக்கிறாங்க."

"அந்தச் சிப்பி?" என்று ஓடெல் மெதுவாகக் கேட்டார்.

"அதுவும் கோழிக்குத்தான். முட்டை ஓடு கெட்டியாகணும்னு நொறுக்கித் தீனியில போடுவோம்."

ஓடெல் முட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"காலையிலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, அதான்..."

ஓடெல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே என் சந்தோஷத்தக் கெடுத்துடு. அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டு வந்திருக்கேன்." வரைபடத்தை எடுத்து, சமையலறையை அழித்துவிட்டுக் கோழிக்கூண்டு என்று எழுதினார்.

நாலு மணிக்குள் குழியின் ஓரத்தில் கூண்டைத் தாங்கிய மரத்தூண்கள் மக்கிப்போன கறுப்பு வட்டங்கள் இரண்டு தெரிந்தன. கூண்டேதான், சந்தேகமில்லை.

வேன் ஊருக்குத் திரும்பும்போது டெஸ்மண்ட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நெஜமாவே ஏமாந்துடுமா கோழி? அவ்வளவு முட்டாளா?"

"முட்டாளெல்லாம் இல்ல. சிலது கொத்திப் பாத்துட்டு நம்மள மொறைக்கும்."

அவன் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டான். கோழி எப்போது அடைகாக்கும், சேவல் எத்தனை வேண்டும், நரி வந்தால் என்ன செய்வார்கள். பின்சீட்டுக்காரர்களும் காதைக் கொடுத்தார்கள். நகங்களில் மண் அப்பியிருக்க, பிரிட்டா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.