பெயருக்குப் பின் ஒரு நிறுத்தம்

முற்பிறவிக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாசலில் பலகை மாட்டிய முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பலகை கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் ஜாதகமும் பார்ப்பீர்களா என்று கேட்டார். மூன்றாமவர் உரக்கடைக்காரர். அவர் மட்டும்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடி மனசுக்குள் படி இறங்குங்கள், இறங்குங்கள் என்று நான் ஆறாவது படிக்கு வருவதற்குள் குறட்டை விட்டார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆள் திரும்பி வராமலே போய்விட்டால் அவர் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? அவருக்காக வைத்திருந்த சொம்புத் தண்ணீர் முழுவதையும் நான்தான் குடித்தேன். அவர் எழுந்து, அருமையாக இருந்தது, மத்தியானத் தூக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கை ஏன் ஈரமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அதற்கு முன்னால் உத்திரமேரூரில் மைக் செட் வைத்திருந்தேன். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போனவன்தான். ஆனால் என் பெயர் நின்றது சாவு அறிவிப்பில். யார் போனாலும் துண்டுச் சீட்டில் பெயர், ஊர், எடுக்கிற நேரம் எழுதிக்கொண்டு என்னிடம் வருவார்கள். முன்னறைச் சுவரில் பழைய ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, எதிரொலி வராமல் பதிவு செய்து கொடுப்பேன். அது ஆட்டோவில் ஏறி, குழாய் ஸ்பீக்கர் வழியாகத் திருப்புலிவனம் வரைக்கும் சுற்றிவிட்டு வரும்.

'இயற்கை எய்தினார்' என்று எவன் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் பெயரைச் சொல்லி, 'அவர்கள்' என்று மரியாதை போட்டு, அங்கே நிறுத்துவேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுத்தான் மிச்சம். அந்த நிறுத்தத்தில் தெருவே நின்றுவிடுகிறது என்று ஆட்டோக்காரர் சொல்வார். எனக்குப் பெருமை தாங்காது. அதை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. நான் ரஜாய்க்குள் இருந்தேன்.

பிறகு செல்போனிலேயே படம் போட்டு, மாலை போட்டு, இயந்திரக் குரலில் அறிவிப்பு வர ஆரம்பித்துவிட்டது. சீட்டு கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். அதே சமயம் மகளுக்குப் பிரசவம் என்று மனைவி ஓசூருக்குப் போனாள். மூன்று மாசம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தக் குழந்தை இப்போது வேனில் பள்ளிக்கூடம் போகிறது. பேசியே பிழைத்தவன் வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது, அதுவும் ஒரே ஒரு ஆழாக்கு அரிசிக்கு.

இப்படிச் சும்மா இருந்த ஒருநாள்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. அறிதுயில் என்கிற ஹிப்னாடிசம் வழியாக முற்பிறவிக்கு, வார இறுதி வகுப்பு, வீட்டில் இருந்தபடியே. நல்ல குரல் வளம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று இருந்ததும் விழுந்துவிட்டேன். மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்:

"போன ஜென்மத்துலயும் நான்தான் பொண்டாட்டின்னு வந்துச்சின்னா இன்னாயா பண்ணுவ?"

பழக்கதோஷம், மூன்று எண்ணும்வரை நிறுத்திவிட்டேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

வகுப்பெடுத்தவருக்கு வெண்ணெய் உருகுகிற மாதிரிக் குரல். கடைசி நாள் அவர் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார்: என்னைப் போலச் செய்யாதீர்கள், உங்களுக்கென்று ஒரு பாணி வேண்டும். அவரைப் போலச் செய்வதற்குத்தானே அத்தனை வாரம் கண்ணாடி முன் நின்று உருகிக்கொண்டிருந்தேன்.

பாணியைத் தேடினேன். அவர் சொல்லிக்கொடுத்த பளிங்குப் படிக்கட்டு இங்கே எடுபடவில்லை. படி என்றதும், முட்டி வலிக்கிறதே, கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஏரிக்கரைக்கு மாற்றிப் பார்த்தேன். கரையில் நடந்துகொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, ஆட்டை அவிழ்த்துக் கட்டவில்லை என்று ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டாள். கரை தாண்டிப் போனவர்களோ எல்லோரும் ராஜா, இல்லாவிட்டால் படைத்தலைவர். பல்லவர் காலத்துப் புள்ளலூர்ப் போரில் யானைமேல் இருந்ததாகச் சொன்னவர்கள் மட்டும் நான்கு பேர். அவ்வளவு பேரும் யானைமேல் இருந்தால் அந்த வருஷம் நாற்று நட்டது யார் என்று கேட்க நாக்கு துடிக்கும். தொழில் தர்மம் கருதி அடக்கிக்கொண்டேன்.

ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பாதியிலேயே கண்ணைத் திறந்து, தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் குரலைக் கேட்டால் யாரோ போய்விட்ட மாதிரியே இருக்கிறது என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போன பிறகு நான் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்த நாற்காலியில் அதிகமாக உட்கார்ந்தது நான்தான்.

அந்தப் பெண் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பலகையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஊர் திருப்புலிவனம் பக்கம். நாற்பது வயது இருக்கும். ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று பாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. ஒரு வருஷத்துக்கு மேலாகச் சரியான தூக்கம் இல்லை, லைனில் நிற்கும்போதே கண் சொக்குகிறது, சூப்பர்வைசர் இரண்டு தடவை எழுதிக்கொண்டுவிட்டார், மூன்றாவது தடவை என்றால் வேலை போய்விடும் என்றாள். மாத்திரை போட்டும் பார்த்துவிட்டாளாம். போன ஜென்மத்துப் பாவமோ என்னவோ, பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடச் சொன்னேன். இருக்கிற உருக்கத்தையெல்லாம் குரலில் ஏற்றி, இப்போது நீங்கள் என்று சொல்லி நிறுத்தி, கரையில் நடக்கிறீர்கள் என்று முடிப்பதற்குள் அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணோரத்தில் தண்ணீர். ஆகா, முதன்முதலாக ஒருத்தி உண்மையாகவே போய்விட்டாள் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்புல."

எந்த ஜென்மத்தில் பஸ் ஸ்டாப் இருந்தது என்று எனக்குக் குழப்பம். என்ன வருஷம் என்றேன்.

"போன வருசம். தை மாசம்."

திரும்பக் கூட்டி வருகிற எண்ணிக்கை ஒன்றிலிருந்து பத்தா, பத்திலிருந்து ஒன்றா என்று அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. ஏழிலிருந்து ஆரம்பித்தேன். அவள் தானாகவே கண்ணைத் திறந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் டிராக்டர் ஓட்டியவர். மத்தியானம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. கம்பெனியில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். அவள் வரும்வரை ஆட்டோவை நிறுத்திவைக்கச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"ஷிப்ட்டு முடிஞ்சி பஸ்ஸவுட்டு எறங்கறேண்ணா. ஆட்டோ போய்க்கினு கீது. அவரு பேரு கேக்குது. பேர சொல்லிட்டு நீ நிறுத்திட்ட. அந்த கேப்புல நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? இந்தாளு நம்மகிட்ட சொல்லாம எலெக்சன்ல நின்னுட்டாரு போலன்னு சிரிச்சேன். பெட்டிக்கடைக்காரரு என்னையே பாக்குறாரு, நான் சிரிச்சிக்கினு நிக்கறேன்."

பதில் சொல்ல எந்தக் குரலை எடுப்பது என்று தெரியவில்லை.

படுத்தால் அந்தக் குரல் வருகிறது என்றாள். பெயரைச் சொல்கிறது, நிறுத்துகிறது, மிச்சத்தைச் சொல்லுவதே இல்லை. விடியும்வரை அதற்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறாள். பலகையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னது பொய்யாம். என் வீடு எது என்று விசாரித்துத்தான் வந்திருக்கிறாள்.

"அதே கொரல்ல, அவரு பேர சொல்லி, மிச்சத்துக்கு வேற எதனா சொல்லுண்ணா."

வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை. குடிக்கலாம் என்று சொம்பைப் பார்த்தேன். அது ஏற்கெனவே காலி. காலையில் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். ஐந்தரைக்கு எழுந்து, வாசலில் படுத்திருக்கிற தெருநாயைத் திட்டுவார், டீக்கடையில் அதற்கே பொறை ரொட்டி வாங்கிப் போடுவார் என்றாள்.

சுவரில் இன்னும் தொங்கிய ரஜாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் குரல் வராது. ஊரைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், அவர்கள் என்றேன். நிறுத்தினேன். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. "இன்று காலை ஐந்தரை மணியளவில் எழுந்து, தெருநாயைத் திட்டிவிட்டு, அதற்கே இரண்டு பொறை போட்டார் என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்."

"ரெண்டு போட மாட்டாரு," என்றாள். "ஒண்ணுதான். இன்னொண்ண அவரே துன்னுடுவாரு."

திருத்தத்தோடு மறுபடியும் அறிவித்தேன். அப்புறம் டிராக்டருக்குப் பொட்டு வைத்தார், லுங்கியை மடித்துக் கட்டினார், சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிவிட்டுத் தன் காதில் மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் நிறுத்தம். பத்தாவதோ பதினொன்றாவதோ அறிவிப்புக்குத் திருத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலை ஒருபக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

உடனே என் பழைய வியாதி வந்துவிட்டது. இது தூக்கமா, மயக்கமா? மூச்சு இருக்கிறதா? மூக்கருகில் விரலை நீட்டலாமா, யாராவது வந்து பார்த்தால் என்ன ஆவது? ஆபத்து வந்தால் செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அது டேபிள் ஃபேன் ஆடாமலிருக்கக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. எடுத்தால் ஃபேன் தடதடக்கும், அவள் எழுந்துவிடுவாள். சீட்டை மெல்ல உருவிவிட்டு, ஃபேனை ஒரு கையால் பிடித்தபடியே ஒன்றரை மணி நேரம் நின்றேன். எழுந்தவள், இன்னாண்ணா ஃபேனப் புடிச்சிக்கினு நிக்கிற என்று கேட்டாள். காற்று திசை மாறாமல் இருக்க என்றேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவருடைய ஒருநாளைக் கொண்டுவருவாள், நான் அறிவிப்பேன், அவள் திருத்துவாள், தூங்குவாள். படி, ஏரிக்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் அந்த மாசமே விட்டுவிட்டேன். மற்றவர்கள் வந்தாலும் யானையை விசாரிப்பதில்லை. என்ன சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார்கள் என்று கேட்டேன். பாணி என்று ஒன்று இருந்தால் இதுதான் போலிருக்கிறது.

எனக்கே ஒருநாள் ஆசை வந்தது. காலி நாற்காலியைப் பார்த்து என் பெயரைச் சொல்லி நிறுத்தி, "நேற்றைய ரசத்தைச் சுட வைத்தார்" என்று அறிவித்தேன். ரஜாய் சத்தத்தை அப்படியே குடித்துவிட்டது. ஓசூருக்குப் போன் போட்டு மனைவியிடம் அதையே சொன்னேன். பிரஷர் மாத்திரை போட்டியா என்று கேட்டாள். பின்னால் குழந்தை அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்றாள்.

ஐந்தாவது ஞாயிறு அவள் வரவில்லை. ஆறாவதும் இல்லை. மழையில் அவர் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு நெல் மூட்டையை மூடிய கதையைப் பாதியில் விட்டுப் போயிருந்தாள். மிச்சத்தைக் கேட்க நான் தயாராக இருந்தேன். பயம் என்னை விடவில்லை. வேலை போய்விட்டதா? என் அறிவிப்பால் மூளை ஏதாவது பிசகிவிட்டதா? தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி, இயந்திரக் குரல் யார் பெயரைச் சொல்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெயருக்குப் பின் அது நிறுத்துவதே இல்லை, ஒரே ஓட்டமாக முடித்துவிடுகிறது. முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ் போகிற நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய் நின்றேன். பஸ் வந்தது. மூன்றாவது ஜன்னலில் அவள். கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. தலை டொக்கென்று கண்ணாடியில் இடித்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

நான் கையைத் தூக்கியிருந்தேன் போலிருக்கிறது. பஸ் திரும்பி மறைந்த பிறகும் அது மேலேயே இருந்தது. யாருக்கு டாட்டா காட்டுறீங்க என்று டீக்கடைக்காரர் கேட்டார். வழக்கம்போல மூன்று எண்ணினேன். மிச்சத்துக்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொரு டீ போடச் சொன்னேன்.