இரத்மலானைத் தராசில் காளியாயி

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்தில், அவளை எல்லாரும் ‘பிளேன் காளியாயி’ என்பார்கள். எதற்காகப் பிளேன் ஏறினாள் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சமயபுரத்துக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போனாள் என்பார் ஒருவர். லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்தது என்பார் இன்னொருவர். இவர்களில் ஒருவரும் அந்தப் பிளேனில் இல்லை. நான் இருந்தேன், அவளுக்குப் பக்கத்து ஆசனத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு. ஆகையால் நான் சொல்வதைக் கேட்டால் போதும்.

என் பெயர் முனாப். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிறேன். காளியாயி டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தீபாவளிக்குச் சேலை எடுக்க வந்தால் கடையிலுள்ள அத்தனையையும் விரித்துப் போடச் சொல்லிவிட்டு, முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டு போவாள். விடிந்ததும் ஆட்களைக் கூட்டி, பேர் கூப்பிட்டு, வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்பாள். அவர் வந்ததும், ஏன் பிந்தி வந்தீர் என்பதுபோல் முறைப்பாள். பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

புருஷன் பெயர் கந்தப்பன். அவனை நல்லவன் என்றும் சொல்லமாட்டேன், கெட்டவன் என்றும் சொல்லமாட்டேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன். மற்றபடி, கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே சரி என்று இருப்பவன். அறுபத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம், அண்ணன்மாரோடு நிலம் பிரிக்க வேண்டும் என்று துறையூருக்குப் பக்கத்திலிருந்த சொந்த ஊருக்குப் போனான். போனவன் தீபாவளிக்கும் வரவில்லை.

மார்கழியில், அதே தோட்டத்து வீரய்யா துறையூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பினார். பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் காளியாயியிடம் விஷயத்தைச் சொன்னார். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் கந்தப்பனுக்குக் கல்யாணம். நிலத்துக்கு வாரிசு வேண்டும் என்று அண்ணன்மார் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

மறுநாள் காளியாயி என் கடைக்கு வந்தாள்.

“எம் புருசனுக்குக் கல்யாணமாம் மொதலாளி. நான் போகணும்.”

மொய் எழுதப் போகிறவள் சொல்வதைப்போலத்தான் சொன்னாள். அவன் சம்மதித்துவிட்டானா என்று கேட்டேன்.

“அது வாயில்லாப் பூச்சிங்க. அண்ணன்மாரு அமுக்கி உக்கார வச்சிருப்பாங்க. என்னையப் பாத்தா எந்திரிச்சிரும். நான் போய் முன்னால நின்னாப் போதும்.”

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், மறுபடியும் ரயில். அந்த வாரமே புயல் அடித்துத் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கப்பலும் நின்றது. மறுபடி எப்போது விடுவார்கள் என்று கேட்டதற்கு ஹட்டன் ஸ்டேஷன் மாஸ்டர் கையை விரித்தார்.

திருச்சியில் என் ராத்தா, மூத்த சகோதரி ஆமினா உம்மா, நோயாய்ப் படுக்கையில் கிடந்தார். அவரைப் பார்க்க நானும் போகவேண்டியிருந்தது. வழக்கமான விமானத்தில் இடமே இல்லை, கப்பலில் போக வேண்டியவர்கள் எல்லாம் அதில் ஏறிக்கொண்டார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் டிக்கெட் விற்கிற ஏஜண்டு, ‘தென்வான் சேர்விஸ்’ என்று ஒன்று புதிதாக விட்டிருக்கிறார்கள், அதில் இடம் இருக்கிறது என்றார். அந்தப் பெயரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இடம் ஏன் இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

என் மனைவி றுக்கையா முடிவைச் சொன்னாள்.

“அந்தப் பொம்பளையையும் கூட்டிட்டுப் போங்க. கலியாண வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. நடுவுல விட்டுட்டு வந்தீங்கண்டா, நீங்களும் இங்க வராதீங்க.”

காளியாயி தன் பசுவை விற்று டிக்கெட் எடுத்தாள். அந்தப் பசுவைவிடக் கந்தப்பன் எந்த விதத்தில் உசத்தி என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பாஸ்போர்ட்டை அவளும் கந்தப்பனும் முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். டிக்கெட்டோடு ஒரு தாள் கொடுத்தார்கள். சிறிய விமானமாகையால் சாமான்களோடு பயணிகளையும் நிறுப்போம் என்று அதில் அச்சடித்திருந்தது. அதை அவளுக்கு வாசித்துச் சொன்னேன்.

“ஆளையுமா நிறுப்பாங்க?”

“ஆளையுந்தான்.”

தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

கொழும்பு ரயிலில் அவளைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் ஒரு பெண் இவ்வளவு பருக்க முடியுமா? கவலை சிலரை இளைக்க வைக்கும், சிலரைப் பருக்க வைக்கும்போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரத்மலானை விமான நிலையத்தில் பெரிய கம்பெனிகளுக்குக் கண்ணாடி மேசைகள் இருந்தன. தென்வான் சேர்விஸுக்கு மூலையில் ஒரு மரமேசையும், மூட்டை நிறுக்கிற தராசும் இருந்தன. அவ்வளவு நேரம் மிரண்டுபோயிருந்த காளியாயி தராசைக் கண்டதும் தெளிந்துவிட்டாள். யாரும் கூப்பிடுமுன் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதில் ஏறி நின்றாள்.

மேசையிலிருந்த சிங்கள இளைஞர் முள்ளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டார்.

“பர வெடியி,” என்றார் வந்தவர். எடை கூடுதல் என்று அர்த்தம். அந்த அளவு சிங்களம் காளியாயிக்குத் தெரியும். அவள் முகம் மலர்ந்தது.

“கழிக்கிறத கழிச்சிட்டு எழுதுங்கய்யா,” என்றாள் தாராளமாக.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு என்று சில றாத்தல் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். எழுதியது போதாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். சின்ன வயதிலிருந்து தராசு என்றால் அவளுக்கு ஒரே பயம்தான், முள் கீழே நின்றுவிடுமோ என்ற பயம்.

“காளியாயி, எடைக்காக எதையாவது கட்டிக்கிட்டு வந்தியா?”

“பின்ன? எடை பத்தலைன்னா அரைப் பேருதானே போடுவாங்க. பாதி வழியில எறக்கி விட்டா நான் எங்க போவேன் மொதலாளி?”

பாதி வழியில் கடல்தான் இருந்தது. அதைச் சொல்லி அவளை மேலும் பயமுறுத்தாமல், இங்கே எடை குறைந்தால்தான் நல்லது என்று எடுத்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இளைஞர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். விமானத்தில் இனி இவ்வளவுதான் ஏற்றலாம். குறைக்காவிட்டால் இவர் அடுத்த வியாழக்கிழமை போகலாம். அந்த வியாழக்கிழமைக்குள் கந்தப்பன் புதுமாப்பிள்ளையாகி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அது அவளுக்கு உடனே விளங்கியது. அங்கேயே குறைக்க ஆரம்பித்தாள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டியிருந்த நாலு சேலைகளில் மூன்றை அவிழ்த்து வைத்தாள். இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த தேயிலைப் பைகள் ஒவ்வொன்றாக வந்தன. குளிக்கிற சவர்க்காரக் கட்டிகள் வந்தன. மூட்டையிலிருந்து ஓர் அம்மிக் குழவி வந்தது. ஊரில் குழவி கிடைக்காதா என்று கேட்டேன்.

“கெடைக்கும். இது எடைக்கு,” என்றாள்.

பின்னால் நின்ற ஒரு கனவான் தம் டையைச் சரிசெய்துகொண்டு வேறுபக்கம் திரும்பி நின்றார். முள் இறங்கியது, ஆனால் போதுமான அளவுக்கு இறங்கவில்லை. கடைசியில் மூட்டையில் ஒரு கம்பளிக் கோட்டு மட்டும் இருந்தது. தோட்டத்துப் பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கந்தப்பனுக்குக் கொடுத்தது. அதை மறந்துவிட்டுப் போய்விட்டானே, பனியில் என்ன செய்வான் என்று கொண்டுவந்திருக்கிறாள்.

“துறையூர்ல கோட்டுப் போடுற பனி இல்ல,” என்றேன்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு மடித்துக் குவியலின் மேல் வைத்தாள். “ஹரி,” என்று சரி சொன்னார் இளைஞர்.

“முழுப் பேரு போட்டுட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டாள். போட்டுவிட்டார்கள் என்றேன். வழியனுப்ப வந்த ஏஜண்டின் ஆள் குவியலை என் கடைக்கு அனுப்பிவைக்க எடுத்துப்போனான். குழவியைத் தூக்கும்போது ஏதோ முணுமுணுத்தான்.

ஏறுவதற்கு முன் பேர் கூப்பிட்டார்கள். “வந்திருக்கேங்க,” என்று அவள் போட்ட சத்தத்தில் விமான ஓட்டிகூடத் திரும்பிப் பார்த்தார். உள்ளே, தகரப் பெட்டிக்கு நாற்காலி போட்ட மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துச் சன்னல் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுக் கடதாசி ஒட்டியிருந்தார்கள். ஒரு பெண் வந்து காதில் அடைக்கப் பஞ்சும் வாயில் போட டொபியும் கொடுத்தாள். நான் அவசரத்தில் பஞ்சை வாயில் போட்டுக்கொண்டேன். எழும்பியதும் எனக்குத் தெரிந்த குர்ஆன் சூறாக்களை எல்லாம் ஓதத் தொடங்கினேன். இரண்டு சூறாக்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

காளியாயி நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடலுக்கு மேலே விமானம் ஒருமுறை பொத்தென்று இறங்கி ஏறியது. ஒரு கனவான் “ஓ மை கோட்” என்றார்.

“நம்ம டிக்கோயா பஸ் இதவிட மோசம்,” என்றாள் காளியாயி. பிறகு, “என்னையப் பாத்ததும் அது அழுதுரும் மொதலாளி. அதுக்குக் கண்ணு சீக்கிரம் கலங்கிரும். நாலு பேருக்கு முன்னால அழ வேணாம்னு நீங்கதான் சொல்லணும்,” என்றாள். நான் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

திருச்சியில் இறங்கி, ராத்தா வீட்டில் தங்கினோம். மறுநாள்தான் முகூர்த்தம். முதல் பஸ்ஸைப் பிடித்துத் துறையூர் போய், அங்கிருந்து வயல் வரப்பில் நடந்தோம். பந்தலை நெருங்கும்போது மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கந்தப்பன் மணையில் இருந்தான். அவனை யாரும் அமுக்கிப் பிடித்திருக்கவில்லை. பட்டுக்கரை வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக, பக்கத்திலிருந்தவனோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் ஹட்டனில் பார்த்ததில்லை. காளியாயி நேராக நடந்துபோய் அவனுக்கு முன்னால் நின்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை.

“கப்பல்தான் ஓடலையே?” என்றான்.

மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்தினார்கள். பெண்ணின் தகப்பனார் எழுந்து வந்தார்.

“யாரு மாப்ள இது?”

“தோட்டத்து ஆளுங்க. தெரிஞ்சவங்க,” என்றான் கந்தப்பன்.

காளியாயி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்தப் பெரியவரிடம் திரும்பினாள்.

“நான் காளியாயிங்க. இவருக்கு வாக்கப்பட்டவ.”

“நீ வாந்திபேதியில செத்துப்போயிட்டன்னுல்ல மாப்ள சொன்னாரு?”

“மாப்ளையேவா சொன்னாரு? அண்ணன்மாரு இல்லீங்களா?”

“அவரேதான். எங்கிட்டச் சொல்லிக் கண்ணு கலங்குனாரே.”

“சாகலீங்க,” என்றாள் காளியாயி. “கொஞ்சம் எடை கொறஞ்சிருக்கேன், அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. பெரியவர் மகளைக் கையைப் பிடித்து எழுப்பினார். இருபது வயதுகூட ஆகாத அந்தப் பெண் போகும்போது காளியாயியைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அண்ணன்மார் காளியாயியிடம் ஒன்றும் பேசாமல், இந்த ராவுத்தர் யார் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நான் பந்தல்கால் வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்று, அங்கிருந்து பதில் சொன்னேன்.

பஸ் நிற்கும் இடம்வரை காளியாயி எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். அங்கே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“அதான் கல்யாணம் நின்னு போச்சே, காளியாயி. வந்த காரியம் முடிஞ்சுதே,” என்றேன்.

“நான் வந்துருவேன்னு பயந்துகிட்டு உக்காந்திருக்கும்னு நெனச்சேன் மொதலாளி. வரமாட்டேன்னு நிம்மதியா உக்காந்திருந்துச்சு.”

எனக்கும் அழுகை வந்துவிட்டது. கந்தப்பன்மேல் வந்த ஆத்திரத்தில், அவனைத் தேடி வர டிக்கெட் எடுக்கப் பசுவை விற்கவிட்ட றுக்கையாமேலும் என்மேலும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

பஸ் வரும் நேரத்தில் கந்தப்பன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தான். நெற்றிச் சந்தனம் வேர்வையில் வழிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றான். நாங்கள் ஏறினோம். அவனும் பின்னாலேயே ஏறி, காளியாயியின் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கண்டக்டர் வந்து, எத்தனை டிக்கெட் என்று அவளிடம் கேட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, என்னைக் கையால் காட்டினாள்.

“மொதலாளிக்கும் எனக்கும். ரெண்டு.”

கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கந்தப்பனைப் பார்த்தார். அவன் காளியாயியைப் பார்த்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மடியைத் தடவிக்கொண்டே, ஒரு டிக்கெட் என்று மெதுவாகச் சொன்னான்.