பெட்டிக்குள் எலுமிச்சை விதை

கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்காது, வாய்தான் நடுங்கும். அதனால் கோபமான நாட்களில் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறேன், பேச்சைத்தான் கெடுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் வயிற்றில் கிடக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ரிப்பேர் கடை. படித்தது எட்டாவது. தொழில் கற்றது ஒரு லாட்ஜில் அறை பெருக்கியபோது. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் ஓடாத டேப் ரிக்கார்டரை அறையிலேயே விட்டுப் போவார்கள். குப்பையில் போடச் சொல்வார் முதலாளி. நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறப்பேன். பத்துப் பெட்டியைச் சாகடித்தேன், பதினோராவது பாடியது. கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை நீ டாக்டருக்குப் படிக்கல. பத்துப் பேரு போய்ச் சேந்திருப்பான்" என்றார். அந்த அம்மா வாயில் இருந்து விழுவதைப் பொறுக்கினாலே எனக்கு ஒரு நாள் ஓடிவிடும்.

தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்த வாரம். காலையில் கடையைத் திறந்து நிற்கிறேன், அடி அண்ணாமலையில் இருந்து ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் சாக்கு சுற்றிக் கட்டிய இரும்புப் பெட்டி. ஏற்கனவே தன் வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்து பழக்கமானவர்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் லேப் அட்டெண்டர். அவர் வீட்டில் எல்லோரும் நிலத்தில் நிற்பவர்கள், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்.

சாக்கை அவிழ்த்தேன். பழைய பவர் சப்ளை. வீட்டுக் கரண்டை வாங்கி, குமிழைத் திருப்பி எத்தனை வோல்ட் வைக்கிறோமோ அத்தனைக்கு இறக்கிக் கொடுக்கும். பூஜ்யத்தில் இருந்து முப்பது வரை. முன்னால் முள் வைத்த மீட்டர். உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கிற காலத்து மிஷின், மாவு மூட்டை கனம்.

"பன்னண்டுலதான்க்கா வெச்சேன்" என்றார் நிற்கும்போதே. "முள்ளு பன்னண்டுலதான் நின்னுச்சு. பசங்க அதுல சர்க்யூட் போர்ட மாட்டி வேலை செஞ்சினு இருந்தாங்க. அரை மணி கழிச்சு ஒரே பொகை. ஆறு போர்டு போச்சு. எல்லாம் புதுசு."

துடைக்கும்போது இவர்தான் முழங்கையால் குமிழை இடித்திருப்பார் என்று துறைத்தலைவர் முடிவு கட்டிவிட்டார். அவரே மீட்டர் வைத்து இரண்டு நிமிடம் பார்த்தாராம். பன்னிரண்டு காட்டியது. 'கருவி நன்றாக இயங்குகிறது' என்று எழுதி, கூடவே இன்னொரு கடிதமும் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். 'என் கவனக்குறைவால் இச்சேதம் நேர்ந்தது' என்று அட்டெண்டர் சொல்வது போல. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.

"போட்டா இன்னா ஆவும்?"

"நல்ல விதமா அனுப்புவாங்களாம்க்கா."

"போடலனா?"

"கெட்ட விதமா."

எனக்கு அப்போதே சுர்ரென்று ஏறிவிட்டது. மிஷினில் கோளாறு என்று நிரூபித்தால் விட்டுவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

என் கடையில் எந்தப் பெட்டியும் நேராகக் கரண்டில் ஏறாது. முதலில் சீரிஸ் பல்பு. கரண்ட் வரும் வழியில் நூறு வாட்ஸ் குண்டு பல்பைக் குறுக்கே வைத்துவிடுவேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து ஆளைக் காப்பாற்றும். பளிச்சென்று ஒரு கணம் எரிந்தது, அப்புறம் மங்கிவிட்டது. அது நல்ல அடையாளம். பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். குமிழைப் பன்னிரண்டில் வைத்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது முள்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "அவரும் இதத்தான்க்கா பாத்தாரு."

"அவரு சும்மா இருக்கறவன வேடிக்கை பாத்தாரு. நான் வேலை குடுத்துப் பாக்கறேன்."

ஒரு காரின் சிக்னல் பல்பை எடுத்துப் பெட்டியின் வாயில் மாட்டினேன். எரிந்தது. பெட்டி சூடு ஏறட்டும் என்று காத்திருந்தோம். டீ வந்தது, ஆறியது. பத்து நிமிடம், பதினைந்து. அவர் முள்ளைப் பார்க்கிற மாதிரி நான் எந்த மனிதரையும் பார்த்ததில்லை. இருபது தாண்டியதும் முள் ஒரு தடவை சிலிர்த்தது. பதினான்கு. மறுபடி பன்னிரண்டு. அப்புறம் ஒரே தாவலில் முப்பதைத் தாண்டி ஓரத்தில் போய் முட்டியது. பல்பு வெள்ளையாகச் சிரித்துவிட்டுப் பொட்டென்று போனது.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெட்டியையா, என்னையா, தெரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினாலும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், அவசரப்பட்டு விரலை விட்டால் கடிக்கும். அதை வடித்துவிட்டு நான்கு திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். சூடு வெளியேற மூடியில் வரிசையாகக் கீறல் துளை. அதன் அடிப்பக்கம் காய்ந்த சிவப்புக் கோடுகள். டிரான்ஸ்பார்மரின் தலையில் நான்கு விதை, சுருங்கிப் பழுப்பாக. பக்கத்தில் இருந்த சர்க்யூட் போர்டில் செம்புக் கோடெல்லாம் பச்சைக் களிம்பு.

லென்ஸ் வைத்துத் தேடினேன். குமிழுக்குப் போகும் ஒரு கோட்டில் மயிரிழை விரிசல். ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். எவ்வளவு கொடுக்கிறோம் என்று பெட்டிக்குச் சொல்கிற வழி அந்தக் கோடு. அது அறுந்தால், ருசி தெரியாதவன் உப்பு போடுகிற கதைதான். இன்னும் போடு, இன்னும் போடு என்று முழுசையும் கொட்டிவிடும்.

"இது இன்னாப்பா விதை? எலுமிச்சம்பழம் எப்படி உள்ள வந்துது?"

அந்த விதையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கேட்டுக் கேட்டுத்தான் பதிலை வாங்கினேன்.

ஆயுத பூஜைக்கு லேபில் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அது எங்கும் உண்டு, என் ஸ்பேனருக்கும் உண்டு. ஆனால் அந்தத் துறைத்தலைவர் ஒரு படி மேலே. குளித்து, விரதம் இருந்து வந்து, எலுமிச்சம்பழத்தைத் தானே அறுத்து, குங்குமம் தடவி, ஒவ்வொரு மிஷின் தலையிலும் இரண்டு மூடி கவிழ்த்து வைப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. அட்டெண்டர் தட்டு பிடிப்பார். விஜயதசமி முடிந்து லேப் திறக்கும் வரை பழம் அப்படியே ஊறிக்கொண்டிருக்கும். காய்ந்த தோலை எடுத்துப் போடுவது இவர் வேலை.

"எத்தினி வருஷமா?"

"நான் சேந்ததுல இருந்துக்கா. ஏழு வருஷம்."

ஏழு வருடம் அந்தக் கீறல் வழியாகப் புளிப்பு சொட்டியிருக்கிறது. சொட்டவிட்டவர் கையில் இவருடைய கடிதம். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "வா, இப்பவே போலாம். அந்தாளு மூஞ்சில இந்த விதைய வெக்கறேன்."

"வேணாங்க்கா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோளாறு இருக்குதுன்னு காட்டு. ஏன்னு மட்டும் காட்டாத. சாமிக்கு வெச்சதால எரிஞ்சிச்சுன்னு என்னால ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது. அவரும் பக்தியாத்தான வெச்சாரு."

"சாமி உன்னக் கையெழுத்து கேக்கலடா. அந்தாளு கேக்கறாரு!"

"வேலை போனாலும் பரவால்லக்கா. சொல்லாத."

இந்த மனுஷனை அறையலாமா என்று இருந்தது. சத்தம் கேட்டு டீக்கடை அம்மா எட்டிப்பார்த்து, "இன்னாடி, மூஞ்சில பால் பொங்குது, அடுப்பக் கம்மி பண்ணு" என்றார். கடைசியில் சொல்ல மாட்டேன் என்று அட்டெண்டர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். விரிசலை ஒட்டவில்லை. விதையையும் தொடவில்லை. இருந்தது இருந்தபடி மூடினேன்.

வெள்ளிக்கிழமை லேபில் துறைத்தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் பளிச்சென்று விபூதி.

"இந்தம்மாவா மெக்கானிக்கு? என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

அட்டெண்டரைப் பார்த்துச் சிரித்தார். இவர் சொன்ன அதே சிரிப்பு. மேஜையில் அந்தக் கடிதம், மேலே திறந்த பேனா.

இன்னொரு சிக்னல் பல்பை மாட்டி, பன்னிரண்டில் வைத்தேன். ஐந்து நிமிடம் ஆனதும் அவர் எழுந்துவிட்டார். "அதான் பன்னண்டு காட்டுதே. எனக்கு கிளாஸ் இருக்கு."

"உக்காருங்க சார்" என்றேன். என் உதடு ஆட ஆரம்பித்துவிட்டது. "இவரு வேலை அரை மணி நேரத்துல போச்சு. அந்த அரை மணி நீங்களும் உக்காருங்க."

லேபில் இருந்த மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதனால்தான் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். முள் தன் நேரத்துக்குச் சிலிர்த்தது, தாவியது, பல்பு வெடித்தது. ஒரு பையன் கை தட்டிவிட்டு அடக்கிக்கொண்டான்.

துறைத்தலைவர் முகம் சிவந்துவிட்டது. "நீ திறந்திருக்க. உள்ள ஏதோ பண்ணி எடுத்தாந்திருக்க."

சொல்லிவிடலாம். நாலு வார்த்தைதான். அட்டெண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வடிக்க வேண்டியதை வடித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் துறைத்தலைவரிடம் நீட்டினேன்.

"நீங்களே திறந்து பாருங்க சார்."

திறந்தார். மூடியைத் திருப்பிச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். அப்புறம் உள்ளே. குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆனது. ஒரு விதையை விரல் நுனியால் தொட்டு உருட்டினார். எடுக்கவில்லை. மூடியைப் போட்டு நான்கு திருகாணியையும் அவரே ஒவ்வொன்றாக முடுக்கினார்.

"மிஷின் பழசாயிடுச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "ஸ்கிராப்னு எழுதிடு."

மேஜையில் இருந்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு வரும்வரை அடக்கியிருந்தேன். "கிழிச்சாரா? கிழிக்கலயே! தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? ஏழு வருஷம் அவரு கூடவே தட்டு புடிச்சவன் நீ."

"வேலை இருக்குதுக்கா" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "எனக்கு அது போதும்."

எனக்குப் போதவில்லை.

அந்தப் பெட்டி ஸ்கிராப்பாகி, சுற்றிச் சுற்றி என் கடைக்கே வந்தது. களிம்பைச் சுரண்டி, விரிசலுக்குக் குறுக்கே ஒரு துண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். அரை அங்குலம்கூட இல்லை. அதற்கப்புறம் நாள் முழுக்கப் போட்டு வைத்தாலும் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான்.

அடுத்த ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் அட்டெண்டர் வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ரகசியம் மாதிரி சொன்னார். "இந்த வருஷம் பழம் மொத்தமும் வாசப்படிலயே வெச்சுட்டாருக்கா. மிஷின் மேல ஒண்ணுகூட இல்ல. நான் தட்டப் புடிச்சினு நிக்கறேன், நிமிந்தே பாக்கல."

ஜெயித்துவிட்ட முகம்.

"அந்தக் கடுதாசி இன்னா ஆச்சு?"

"அவருகிட்டதான் இருக்கும். கையெழுத்து இல்லாம" என்று சொல்லிச் சிரித்தார். டீக்கடை அம்மாவும் சிரித்தார். நான் கிளாஸை வைத்துவிட்டுக் கடைக்குள் போய், காலையில் இருந்து ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியின் முள்ளைப் பார்த்தேன். பன்னிரண்டிலேயே நின்றது.