மைதான வாசலில் எங்கள் ஜெர்சி

மிலான் நகரத்துக்குப் போய் அங்குள்ள பெரிய கால்பந்துக் கழகத்தின் ஆட்டத்தை நேரில் பார்ப்பது, பள்ளிக் காலத்தில் நாங்கள் மூன்று நண்பர்கள் போட்ட திட்டம். அதற்காகவே முதுகில் 'அமிர்தகழி' என்று எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதிய மூன்று ஜெர்சிகளை, எங்களில் ஒருவனான றமீஸின் காத்தான்குடித் தையல் கடையில் தைத்தோம். குகன் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் வாவிக்கு மீன்பிடிக்கப் போனான். தோணி கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை.

போன மாதம் நானும் றமீஸும் பயண வேலையைத் தொடங்கினோம். ஹோட்டலிலிருந்து மைதானத்துக்கு எப்படி நடப்பது என்று அறிய, கடைக் கணினியில் இணைய வரைபடத்தைத் திறந்து, அந்தத் தெருவைச் சுற்றிக் காட்டும் படங்களுக்குப் போனோம். மைதான வாசலில் ஒருவன் நின்றான். அவன் முதுகில் 'அமிர்தகழி' என்றிருந்தது.

"முன்னுக்குப் போய் ஆள்ர முகத்தப் பாரு மச்சான்," என்றான் றமீஸ்.

அவனைத் தாண்டிப்போய்ப் படத்தைத் திருப்பினேன். அங்கிருந்தும் முதுகுதான் தெரிந்தது.

எங்கள் இரண்டு ஜெர்சிகளும் கடை அலுமாரியில் மடித்தபடியே இருந்தன.

"டிக்கெட் போடவா?" என்றேன்.

"போடு. நமக்காகத்தானே நிக்கான்," என்றான் றமீஸ்.

போட்டுவிட்டேன். குகனின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்று இத்தனை வருடமாக ஏங்கியிருந்தேன். இப்போதோ, நாங்கள் அருகில் போகும்போது அவன் திரும்பிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.